சேர்வராயன் மலையின் பாம்புக் கழுகு

ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் சுற்றியுள்ள காடுகளில் கொண்டைப் பாம்புக் கழுகு வாழ்கிறது. கரும்பழுப்பு உடல், மஞ்சள் கண், மஞ்சள் கால்கள், பிடரியில் விரியும் கருப்பு வெள்ளைக் கொண்டை. பறக்கும்போது இறக்கையின் அடியில் தெரியும் அகலமான வெள்ளைப் பட்டை இதை எளிதில் காட்டிக்கொடுக்கும். வெயில் ஏறியதும் வானில் வட்டமிட்டபடி உரக்கக் கூவும். பெரும்பாலும் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் எட்டும்.

குளிர்காலக் கடைசியில் இணைகள் சேர்ந்து பறக்கத் தொடங்கும். கோடைத் தொடக்கத்தில், மலையில் காப்பி பூக்கும் பருவத்தையொட்டி, முட்டையிடும். உயர்ந்த மரக்கவட்டில் சுள்ளிகளால் ஆண், பெண் இரண்டும் சேர்ந்து கூடு கட்டி, உள்ளே பச்சை இலைகளைப் பரப்பும். வழக்கமாக முட்டை ஒன்றுதான். பெண் சுமார் 41 நாள் அடைகாக்க, ஆண் அருகிலேயே காவல் இருக்கும். குஞ்சு பறக்க மேலும் 2 மாதம் ஆகும்.

ஒற்றை முட்டை என்பதால், கூட்டை நெருங்கிப் படம் எடுப்பவரின் அவசரம் ஓர் ஆண்டின் குஞ்சையே பறித்துவிடலாம். தாய் பதறி எழுந்தால் முட்டை குளிர்ந்துபோகும். காகம் கொத்திச் செல்லும். கூட்டை மறைக்கும் கிளையைப் படத்துக்காக வெட்டுவது இதைவிட மோசம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டையாடுதலே. தொலைநோக்கியும் 400 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்சும் இருந்தால் தொலைவிலிருந்தே கவனிக்கலாம். கழுகு அடிக்கடி தலைதூக்கிப் பார்த்தாலோ குரல் எழுப்பினாலோ, ஆள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும்.