முகிலும் நிலமும்: மெய்நிகர் பொறியும் அதன் வட்டும் ஒரே வலயத்தில் அமைதல் பற்றி

பொருள்களுக்கு நாம் இடும் பெயர்கள் சில வேளைகளில் அப்பொருள்களை விளக்குவதைக் காட்டிலும் மறைப்பதற்கே உதவுகின்றன. 'முகிற் கணிமை' என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்றாகும். முகில் எங்கும் உலவுவது, எல்லை அற்றது, நிலத்தோடு ஒட்டாதது. ஆகவே முகிலில் வைக்கப்பட்ட தரவும் எங்கும் உளது, எங்கிருந்தும் எடுக்கப்படலாம், அழிவில்லாதது என்ற எண்ணம் படித்தோரிடையேயும் பரவியுள்ளது. உண்மையில் அத்தரவு ஒரு குறிப்பிட்ட நிலத்தில் எழுந்த ஒரு குறிப்பிட்ட கட்டடத்துள், ஒரு குறிப்பிட்ட மின்னிணைப்பில் இயங்கும் இயந்திரத்திலேயே கிடக்கின்றது.

இவ்வுண்மை பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் ஒரு சிறு தடையின் வாயிலாகவே முதலில் புலப்படுகின்றது. ஒரு வலயத்தில் இயங்கும் மெய்நிகர் பொறியுடன் மற்றொரு வலயத்தில் உள்ள சேமிப்பு வட்டை இணைக்க முயல்கின்றனர், அமைப்பு மறுத்துவிடுகின்றது. இரண்டும் ஒரே நிறுவனத்தினவாய், ஒரே கணக்கில் ஒரே வாடகை செலுத்திப் பெறப்பட்டனவாய் இருக்க, ஏன் இம்மறுப்பு? இது தொழில்நுட்பத்தின் குறைபாடா, அன்றித் திட்டமிட்ட பாதுகாப்பா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்களும் பொருளும்

ஒரு பெரிய கணனியின் ஆற்றலை மென்பொருளின் துணைகொண்டு பல கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறும் தனித்ததொரு கணனி போலத் தொழிற்படச் செய்தால், அக்கூறு மெய்நிகர் பொறி எனப்படும். அதனோடு இணைக்கப்படும் வட்டு, ஆங்கில வழக்கில் 'வொல்யூம்' எனப்படுவது, பெரும்பாலும் அப்பெரிய கணனிக்குள் இருப்பதில்லை. வேறு சேமிப்புக் கணனிகளில் அது அமைந்திருக்க, வலையமைப்பின் வழியாக ஒவ்வோர் எழுத்தும் வாசிப்பும் நிகழ்கின்றன. பொறிக்கோ அது தன் உள்ளேயுள்ள வட்டுப் போலவே தோற்றுகின்றது.

இப்பிரிவினைக்குத் தக்க காரணம் உண்டு. அமேசன் நிறுவனம் 2006 ஓகஸ்ற் மாதத்தில் மெய்நிகர் பொறிகளை வாடகைக்கு விடத் தொடங்கியபோது, வட்டு பொறியோடு பிறந்து பொறியோடு அழிவதாக இருந்தது. பொறியை நிறுத்திவிட்டால் அதிலிருந்த தரவும் போயிற்று. 2008 ஓகஸ்றில் அந்நிறுவனம் தனித்து நிலைக்கும் வட்டுகளை அறிமுகம் செய்தது. பொறி அழிந்தாலும் வட்டு நிற்கும். அதனை வேறொரு பொறியுடன் இணைத்துப் பணியைத் தொடரலாம்.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் 'கிடைப்பு வலயம்' என்ற கருத்தும் அங்கு நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு பிரதேசத்துள் பல வலயங்கள் அமையும். ஒவ்வொரு வலயமும் ஒன்று அல்லது பல தரவு நிலையங்களைக் கொண்டது. அதற்கெனத் தனி மின்வழங்கல், குளிரூட்டல், வலையமைப்பு ஆகியன உண்டு. ஒன்றில் நேரும் தீயோ வெள்ளமோ மின்தடையோ மற்றொன்றைத் தாக்காத அளவுக்கு அவை விலகியிருத்தல் வேண்டும். ஆயினும் தம்முள் விரைந்து செய்தி பரிமாறும் அளவுக்கு அணுகியும் இருத்தல் வேண்டும். ஒரு பிரதேசத்தின் வலயங்கள் யாவும் தம்முள் 100 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் அமைந்துள்ளன என்பது அமேசனின் கூற்று. இவ்விரு தேவைகளுக்கும் இடையே உள்ள முரணிலிருந்தே நாம் எடுத்துக்கொண்ட வினா பிறக்கின்றது.

2. தூரமும் தாமதமும்

ஒளிநாரில் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். எனவே 100 கிலோமீற்றர் சென்று மீள்வதற்குக் குறைந்தது 1 மில்லிசெக்கன் வேண்டும். எந்த நிறுவனமும் எத்துணை முதலீடு செய்யினும் இக்கணக்கை மாற்ற இயலாது.

ஒரு மில்லிசெக்கன் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் தரவுத்தளம் ஒன்று தன் பதிவை வட்டில் எழுதி, 'எழுதப்பட்டது' என்ற உறுதிமொழி மீண்டு வந்த பின்னரே அடுத்த பதிவுக்குச் செல்வதாகக் கொள்வோம். அத்தகைய 1000 பதிவுகள் வரிசையாக எழுதப்பட வேண்டும் எனின், ஒரு மறுமொழிக்கு அரை மில்லிசெக்கன் செல்லுமிடத்து முழுப் பணியும் அரைச் செக்கனில் முடியும். மறுமொழிக்கு 20 மில்லிசெக்கன் செல்லுமாயின் அதே பணிக்கு 20 செக்கன் வேண்டும். பணி மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை, தூரம் மட்டுமே மாறிற்று.

ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமாகிய சேர்ண் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள அதன் தரவு நிலையத்துக்குத் துணையாக, ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்றில் அமைந்த விக்னர் நிலையம் 2013 இல் திறக்கப்பட்டு 2019 இறுதிவரை பயன்பட்டது. இரு நிலையங்களும் ஒரே தனியார் முகிலின் பகுதிகளாக இயக்கப்பட்டன. அவற்றை இணைத்த தடங்கள் ஒவ்வொன்றும் செக்கனுக்கு 100 கிகாபிற் கொள்ளளவு உடையன. எனினும் சென்று மீளும் தாமதம் 20 மில்லிசெக்கனுக்கு மேற்பட்டதாகவே இருந்தது. தெருவை எத்துணை அகலமாக்கினும் ஊர்களுக்கிடைப்பட்ட தொலைவு குறையாதவாறு, கொள்ளளவைப் பெருக்குதலால் தாமதம் நீங்குவதில்லை. இத்தகைய சூழலில் ஜெனீவாவில் உள்ள பொறிக்குப் புடாபெஸ்றில் உள்ள வட்டைப் பூட்டுதல் இயலாததன்று. ஆயின் சிறு சிறு எழுத்துகளை இடையறாது செய்யும் எந்தப் பணியும் அதனால் முடங்கிப்போகும்.

3. பிரித்தல் வேறு, பெருக்கல் வேறு

ஒரே பிரதேசத்து வலயங்கள் புடாபெஸ்ற் போலத் தொலைவில் இல்லையே, ஓரிரு மில்லிசெக்கன் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாகாதா என ஒருவர் வினவலாம். இதற்கு விடை தாமதத்தில் இல்லை, பாதுகாப்பில் உள்ளது. இதுவே இப்பொருளில் பலரும் பிழைபடக் கருதும் இடமுமாகும்.

பொறியை ஒரு வலயத்திலும் வட்டை மற்றொரு வலயத்திலும் வைத்தால் இடர் இரண்டாகப் பகுக்கப்படுகின்றது, ஆதலின் பாதுகாப்பு மிகுகின்றது என்று எண்ணுதல் இயல்பே. கணக்கு இதற்கு மாறாகவே உளது. ஒவ்வொரு வலயமும் ஆண்டின் 99.9 சதவீத நேரம் ஒழுங்காக இயங்குவதாக எடுத்துக்காட்டின் பொருட்டுக் கொள்வோம். பொறியும் வட்டும் ஒரே வலயத்தில் இருப்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 8¾ மணிநேரம் பணி தடைப்படும். அவற்றை இரு வலயங்களிற் பிரித்துவிட்டால், எந்த ஒரு வலயம் வீழினும் பணி நின்றுபோகும். பொறி இல்லாத வட்டும் வட்டு இல்லாத பொறியும் பயனற்றனவே. ஆகவே தடைப்படும் நேரம் ஏறத்தாழ இருமடங்காகி 17½ மணிநேரம் ஆகின்றது.

மாறாக, பொறியும் வட்டும் சேர்ந்த முழுமையான தொகுதி ஒன்றை முதல் வலயத்திலும், அதே போன்ற மற்றொரு முழுத் தொகுதியை இரண்டாம் வலயத்திலும் அமைத்து, தரவை இரண்டுக்கும் இடையே படியெடுத்து வருவோமாயின், இரண்டும் ஒருங்கே வீழ்ந்தாலன்றிப் பணி நிற்பதில்லை. வலயங்கள் ஒன்றையொன்று சாராதன எனின், தடைப்படும் நேரம் ஆண்டுக்கு அரை நிமிடத்தளவே ஆகும்.

ஆகவே ஒன்றைப் பிரித்து வைத்தல் வேறு; பெருக்கி வைத்தல் வேறு. முன்னையது தங்கியிருத்தலைக் கூட்டுகின்றது. பின்னையது இழப்பைக் குறைக்கின்றது. வலயங் கடந்து வட்டை இணைக்க அமைப்பு மறுப்பது, முன்னையதைப் பின்னையது என மயங்கிக் கொள்ளாதிருக்கச் செய்யும் தடையாகவும் பயன்படுகின்றது.

4. 2011 ஏப்பிரல் நிகழ்வு

மேற்கூறிய கணக்கில் 'வலயங்கள் ஒன்றையொன்று சாராதன எனின்' என்ற நிபந்தனை கருதற்பாலது. 2011 ஏப்பிரல் 21 இல் அமேசனின் வட வேர்ஜீனியாப் பிரதேசத்தில் நிகழ்ந்த முடக்கம் அந்நிபந்தனையைச் சோதித்தது. அந்நிறுவனமே பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு வலயத்தில் வலையமைப்பை விரிவாக்கும் பணியின்போது, போக்குவரத்து தவறுதலாகக் கொள்ளளவு குறைந்த துணைத் தடத்துக்குத் திருப்பப்பட்டது. சேமிப்புக் கணனிகள் தம் படிகளைத் தாங்கிய பிற கணனிகளோடு தொடர்பை இழந்தன. தொடர்பு மீண்டதும் அவை யாவும் ஒரே வேளையில் புதிய படிகளை எடுக்க இடந்தேடின. வெற்றிடம் விரைவில் தீர்ந்தது. அவ்வலயத்து வட்டுகளுள் 13 சதவீதமானவை எழுதவோ வாசிக்கவோ இயலாது சிக்கிநின்றன.

இங்கு கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒரு வட்டின் படிகள் யாவும் அதே வலயத்துள்ளேயே இருந்தன. எனவே வலயம் தடுமாறியபோது படிகளும் ஒருங்கே தடுமாறின. இரண்டாவது, வட்டுகளை ஆக்கவும் இணைக்கவும் கட்டளையிடும் மேலாட்சி அமைப்பு பிரதேசம் முழுமைக்கும் பொதுவாக இருந்தமையால், பழுதற்ற பிற வலயங்களிலும் புதிய வட்டுகளை ஆக்கும் பணி சில மணிநேரம் தடைப்பட்டது. மூன்றாவது, மீட்பு முடிந்த பின்னும் அவ்வலயத்து வட்டுகளுள் 0.07 சதவீதமானவற்றைச் சீரான நிலையில் மீட்டுக் கொடுக்க இயலவில்லை. எண் சிறியதே. ஆயின் அந்தச் சிறு பங்கினுள் தம் பதிவேடுகளை ஒரே படியாக வைத்திருந்தோருக்கு இழப்பு முழுமையானது.

றெடிற், குவோரா முதலிய தளங்கள் அன்று முடங்கின. தரவைப் பல வலயங்களிற் பெருக்கி வைத்திருந்த நெற்பிளிக்ஸ் பெரும் இடையூறின்றித் தப்பியது. இரு சாராரும் வாடகைக்குப் பெற்றது ஒரே முகிலை. அவர்களை வேறுபடுத்தியது அமைப்பு முறையே.

5. பெயரும் இடமும்

வலயம் என்பது நிலத்தின் உண்மை. ஆயின் கணனிக்கு அது ஒரு பெயர் மட்டுமே. பெயரும் உண்மையும் பிரிந்துவிட்டால் விதியும் பயனற்றதாகும். 2010 இல் றக்ஸ்பேஸ் நிறுவனமும் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவும் தொடங்கிய ஓப்பன்ஸ்ராக் என்னும் திறந்த மூல மென்பொருள் இதனை நன்கு காட்டுகின்றது. அதில் பொறிகளை ஆளும் பகுதி நோவா எனப்படும். வட்டுகளை ஆளும் பகுதி சிண்டர் என 2012 இல் தனியாக்கப்பட்டது. வலயங்களின் பட்டியலை இரு பகுதிகளும் தனித்தனியே பேணுகின்றன. நோவாவில் ஒரு பெயரும் சிண்டரில் அதே பெயரும் இருப்பின், அவை ஒரே கட்டடத்தைக் குறிப்பனவாக ஆக்குதல் நிருவாகியின் பொறுப்பாகும்.

வலயங் கடந்து வட்டை இணைக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் அமைவு ஒன்று நோவாவில் உண்டு. அது இயல்பாக இணைப்பை அனுமதிக்கும் நிலையிலேயே இருக்கின்றது. நிருவாகி அதனை மறுக்கும் நிலைக்கு மாற்றினால், பொறியும் வட்டும் ஒரே பெயருடைய வலயத்தில் இருந்தாக வேண்டும். சிண்டரில் அப்பெயரே இல்லையெனின், வட்டு அருகில் இருப்பினும் இணைப்பு மறுக்கப்படும். வட்டிலிருந்து தொடங்கும் பொறிகளையும் ஆக்க இயலாது போகும். மறுபுறத்தில், எல்லா வலயங்களுக்கும் பொதுவான ஒரே சேமிப்புத் தொகுதி ஒரே கட்டடத்துள் அமைந்திருக்குமாயின் இத்தடைக்குப் பொருளே இல்லை. ஆகவே கட்டடங்களையும் மின்வழிகளையும் முதலில் ஆராய்ந்து, பெயர்களை அவற்றுக்கு ஏற்ப இட்டு, அதன் பின்னரே விதியை வகுத்தல் முறையாகும்.

6. நடைமுறை வழிகள்

வலயத்தை முதலில் தெரிவுசெய்து, பொறியையும் வட்டையும் அங்கேயே ஆக்குதல் முதல் வழி. இவற்றுள் எது முந்துவது என்பதும் முக்கியமானது. குபெர்நெற்றிஸ் போன்ற ஒழுங்கமைப்பு மென்பொருளில், வட்டு ஏதோ ஒரு வலயத்தில் முன்னரே ஆக்கப்பட்டு, பின்னர் அவ்வலயத்திற் பணியை ஏற்கத்தக்க பொறி இல்லாது பணி தேங்கி நிற்பதுண்டு. 2018 இல் வெளிவந்த அதன் 1.12 ஆம் பதிப்பு முதலாக, பணி எங்கு இயங்கும் என்பது தீர்மானிக்கப்படும் வரை வட்டை ஆக்காது காத்திருக்கும் முறை, வலய வேறுபாட்டை அறிந்து செயற்படுமாறு விரிவாக்கப்பட்டது.

வட்டை வேறு வலயத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டின், அதன் கணநேர நிலையைப் படியாக எடுத்தல் வேண்டும். 'ஸ்னப்சொற்' எனப்படும் இப்படி, அமேசனில் வலயத்துக்கு அன்றிப் பிரதேசத்துக்கு உரியதாகச் சேமிக்கப்படுகின்றது. அதிலிருந்து அப்பிரதேசத்தின் எந்த வலயத்திலும் புதிய வட்டை ஆக்கலாம். முதற்படிக்குப் பின் மாற்றமுற்ற பகுதிகள் மட்டுமே சேமிக்கப்படுவதால் செலவும் குறைவு. ஆயின் இறுதியாகப் படியெடுத்த பின் எழுதப்பட்டவை அதில் இரா என்பதை மறத்தலாகாது.

கூகிள் நிறுவனம் இரு வலயங்களில் உடன்நிகழ்வாக எழுதப்படும் வட்டுகளையும், மைக்றோசொப்ற் நிறுவனம் மூன்று வலயங்களில் அவ்வாறு எழுதப்படும் வட்டுகளையும் வழங்குகின்றன. இவை விதிக்குப் புறம்பானவை அல்ல. பெருக்கல் என்னும் பணியை வாடகையாளரிடமிருந்து வழங்குநர் ஏற்றுக்கொண்டனர் என்பதே இவற்றின் பொருள். ஒவ்வோர் எழுத்தும் வலயங் கடந்து உறுதிப்பட வேண்டியிருத்தலின் தாமதமும் கூடும், விலையும் கூடும்.

7. முடிபு

ஒரே வலயத்தில் வைத்தல் என்ற விதி தன்னளவிற் பாதுகாப்பாகாது. அது பாதுகாப்பின் முதற்படி மட்டுமே. சேர்ந்து இயங்க வேண்டியவற்றைச் சேர்த்து வைத்து, அவ்வாறு சேர்ந்த முழுமையை வேறிடத்தும் பெருக்கி வைத்தலே பாதுகாப்பு. இரண்டாவதற்குப் பணம் வேண்டும். பெருநிறுவனங்கள் அதனை எளிதிற் செலுத்துகின்றன. சிறிய பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ தொண்டு நிறுவனமோ ஒரே வலயத்தில் ஒரே வட்டில் தன் பதிவுகள் அனைத்தையும் வைத்து, முகில் அவற்றைக் காக்கும் என நம்பியிருக்கின்றது. இடர் வரும்போது இவ்வேற்றத்தாழ்வு வெளிப்படுகின்றது.

எனவே பொதுப் பதிவேடுகளைப் பொறுப்பேற்றுள்ளோர் கேட்க வேண்டிய வினாக்கள் எளியவை: எம் தரவு எந்த வலயத்தில் உளது? அதன் படி எந்த வலயத்தில் உளது? அப்படி இறுதியாக எப்பொழுது எடுக்கப்பட்டது? அதிலிருந்து மீட்டுப் பார்த்ததுண்டா? இவற்றுக்கு விடை கூற இயலாதவரை, முகில் என்பது பிறருக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தின் பெயரேயாகும்.