கீரியா, சேவலா?

சாயங்காலம் கோழி அடையும் நேரம். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. தேடிப்போனால், வைக்கோல் போருக்குப் பின்னால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி நிற்கிறது சாம்பல் நிறப் பெட்டைக்கோழி. இறக்கைக்குக் கீழே ரத்தம் காய்ந்து இறகெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது.

"கீரிதான் அத்தை. நேத்துகூட வேலியோரம் ஓடுச்சு" என்கிறாள் மருமகள்.

அத்தை பதில் சொல்லவில்லை. கோழியை மடியில் வைத்து, விரலைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டிய இறகுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். விலாவில் நாலு விரற்கடை நீளத்துக்குத் தோல் கிழிந்திருக்கிறது. மறுபக்கத்து இறக்கையைத் தூக்கினால் அங்கேயும் ஒரு கீறல். முதுகில் இறகு தேய்ந்து வழுக்கை. "கீரின்னா கழுத்தைல்ல புடிக்கும்? கழுத்துல ஒண்ணுமே இல்லையே. இது நம்ம சேவல் பண்ண வேலைடி."

கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. கோழிக்கு அடிபட்டால் மருந்தைத் தேடித்தான் கை ஓடும். அதற்கு முன் காயத்தைப் பார்க்க வேண்டும். அது எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, எந்த நேரத்தில் பட்டது என்ற மூன்றும் தெரிந்தால், ஆளைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஆளைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து போட்டு மறுபடி அதே கூட்டில் விட்டால், அடுத்த வாரம் அதே காயம்.

சேவல் மிதிக்கும்போது பெட்டையின் முதுகில் ஏறி, பிடரி இறகை அலகால் கவ்விக்கொள்ளும். கால் வழுக்கும்போது அதன் முள் விலாவில் இறங்கும். கோழியின் தோல் காகிதம்போல் மெல்லியது, சட்டென்று கிழியும். இறக்கை மேலே மூடிக்கொள்வதால் நாலைந்து நாள்கூட யார் கண்ணிலும் படாது. முதுகு வழுக்கை, பிடரியில் இறகில்லாமை, இரண்டு விலாவிலும் கீறல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

கீரி பகலில் வரும். கழுத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். மரநாய் இரவில் வரும். கூரைச் சந்து போதும் அதற்கு. நாய் கவ்வி உதறும். முற்றமெல்லாம் இறகு பறந்து கிடக்கும். தோலில் இரண்டு மூன்று பல் தடம்தான் தெரியும், உள்ளே தசை நசுங்கியிருக்கும். பருந்தும் வல்லூறும் குஞ்சைத்தான் அதிகம் தூக்கும். பெரிய கோழி தப்பினால் முதுகில் நகம் இறங்கிய துளைகள் இருக்கும். காலையில் கால்விரலும் பாதமும் கடிபட்டிருந்தால் எலி அல்லது பெருச்சாளி. மலவாயைச் சுற்றிப் புண் என்றால் கூடவே இருக்கும் கோழிகள்தான் கொத்தியிருக்கும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருத்த பொருக்குகள் மட்டும் இருந்தால், அது காயமாக இல்லாமல் கோழி அம்மையாகவும் இருக்கலாம்.

பூனைக் கடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசி குத்தினாற்போல் சின்னத் துளைதான் இருக்கும், அதனாலேயே ஏமாந்துவிடுகிறார்கள். பூனை வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி அந்தத் துளை வழியே உள்ளே போய், ஓரிரு நாளில் கோழியைச் சாய்த்துவிடும். பூனை, நாய்க் கடி என்று தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போவது நல்லது.

இனி வைத்தியம். முதல் வேலை, கோழியைத் தனியே பிரிப்பது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தாமல் விடாது. பஞ்சாரத்தின் மேல் சாக்கைப் போட்டு, இருட்டாக, கதகதப்பாக வைத்தால் பாதி அதிர்ச்சி அடங்கும். குடிக்கத் தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸ் கலந்து வைக்கலாம். தூக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நமக்கிருப்பதுபோன்ற உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்ற பிறகு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவலாம். அதன்மேல் பொவிடோன் அயோடினை வெறும் தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்து தடவினால் போதும். மண்ணெண்ணெய், காப்பித்தூள், அடுப்புச் சாம்பல் எதுவும் வேண்டாம். துளைக் காயத்தை வீட்டில் தைக்கவும் கூடாது. உள்ளே போன கிருமிக்கு அது கதவடைத்துக் கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

நம் ஊர் வெயிலில் பெரிய எதிரி ஈ. அது இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். கொசுவலைக்குள் வைத்து, காலையும் மாலையும் இறகைப் பிரித்துப் பார்ப்பதை விடக் கூடாது. புண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவலாம். இறகெல்லாம் எண்ணெயானால் கோழிக்குக் குளிர் தாங்காது.

கோழிக்குச் சீழ் வடியாது, பாலாடைக்கட்டிபோல் இறுகிவிடும். தோலுக்கடியில் கெட்டியான கட்டி தெரிந்தாலும், காற்றடைத்த பைபோல் தோல் உப்பினாலும், காயத்தில் நாற்றம் வந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாடிக் உடம்பில் இருக்கும்வரை அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடக் கூடாது. எத்தனை நாள் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கீரிதான் என்று உறுதியானாலும் பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. கூட்டைத்தான் பலப்படுத்த வேண்டும். அகலக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கம்பிவலை அடித்து, அதை ஒரு முழம் மண்ணுக்குள்ளும் இறக்கினால் தோண்டிக்கொண்டு வருவதும் நிற்கும்.

அத்தை வீட்டில் அந்தச் செலவு இல்லை. சேவலைத் துணியில் சுற்றிப் பிடித்து, முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினார். அடிவரை தேய்த்தால் உள்ளே எலும்பும் ரத்தமும் உண்டு. நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் என்றிருந்ததில் ஒன்றைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்; எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மூன்று வாரத்தில் சாம்பல் கோழியின் விலாவில் தோல் கூடி, முள்முள்ளாகப் புது இறகு குத்திட்டு நின்றது. ஒருநாள் இருட்டிய பிறகு, மற்றவை தூங்கும் நேரம் பார்த்து, அதைக் கூட்டுக்குள் மெல்ல விட்டுக் கதவைச் சாத்தினாள் மருமகள்.