டயாலிசிஸ் நோயாளிகளும் ஹெபடைட்டிஸ் ‘சி’யும்

வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வசிக்கும் என் தங்கையின் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். விடியுமுன் பஸ் பிடித்து மலையிறங்கிப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஒருநாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘எச்.சி.வி. பாசிட்டிவ்’ என்று வந்தது. டயாலிசிஸ் தொடங்கியபோது எடுத்த சீட்டில் இல்லாத நோய் அது! மறுநாளே வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். “பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கிடுமாண்ணே?” என்று தங்கை அழுதாள். எனக்கும் பதில் தெரியவில்லை. பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை, நம் சங்கக் குடும்பங்களில் யாருக்காவது பயன்படுமே என்று எழுதுகிறேன்.

ஹெபடைட்டிஸ் ‘சி’ ஈரலைத் தாக்கும் வைரஸ். 1989-இல்தான் அடையாளம் கண்டார்கள். இது முக்கியமாக ரத்தத்தின் வழியே பரவுவது. ஒரே தட்டில் உண்பதாலோ, இருமலாலோ, கொசுக்கடியாலோ, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ பரவாது. சவர பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி இவற்றை மட்டும் பகிரக்கூடாது.

அப்படியானால் அவருக்கு எப்படி வந்தது? டயாலிசிஸில் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் குழாய் வழியே வெளியே வந்து உடலுக்குத் திரும்புகிறது. எல்லோரும் இயந்திரத்தைத்தான் சந்தேகிக்கிறோம். ஆனால் பெரும்பாலும் பரப்புவது கைகளே. ஒருவரைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடுவது, ஒரே ஹெப்பாரின் குப்பியிலிருந்து பலருக்கு மருந்து எடுப்பது, துடைக்காத நாற்காலி, மருந்துத் தள்ளுவண்டி இவையே வழி. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியிலும் இந்த வைரஸ் நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

வசதி குறைந்த இடங்களில்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2015-இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் 25 நோயாளிகளுக்கு இது தொற்றியது. அவர்களில் ஏழு பேரின் மரணத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று விசாரணைக் குழு கூறியது. தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் குறைகள் இருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

ஆகவே உடன் செல்பவர்கள் கூச்சப்படாமல் கவனியுங்கள். நர்ஸ் கையுறை மாற்றுகிறாரா? ஒருவர் எழுந்ததும் நாற்காலியைத் துடைக்கிறார்களா? நம் ஊர்களில் டயலைசரைக் கழுவி அதே நோயாளிக்கு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அதில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று நானும் முதலில் தயங்கினேன். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்!

இந்நோய் பல ஆண்டுகள் வெளியே தெரியாது. கண் மஞ்சளாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை. டயாலிசிஸ் தொடங்கும்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். சாதாரணச் சோதனை காட்டுவது எதிர்ப்பொருளை. தொற்றிய புதிதில் அது தெரியாமல் போகலாம். வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் உறுதியானது. ‘காமாலைதானே’ என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் பெரியவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. சிறுநீரகம் கெட்டவருக்கு மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் தர வேண்டாம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்க மாத்திரை உண்டு. முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டு நோயாளிகள் துவண்டு போவார்கள். இப்போது சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் சேர்ந்த மாத்திரையைத் தினம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். டயாலிசிஸ் நோயாளிகளும் சாப்பிடலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

மைத்துனர் மாத்திரையை முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. சோதனையில் வைரஸ் இல்லை. குணமான பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கிவிடுவதால் பழைய சோதனை ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். அதனால் அந்த ஆர்.என்.ஏ. சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டயாலிசிஸ் பையிலேயே வைத்திருக்கிறார். ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம் என்பதால் இப்போது தங்கையும் கூடப் போகிறாள்; டயலைசரில் பெயரைப் படிப்பது அவள் வேலை.