ஆளுக்கு ஒரு டாலர்!

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், என் மாமியாரின் இன்சுலின் புட்டி எப்போதும் இருக்கும். "ஏம்மா, இது தீந்து போச்சுன்னா என்ன பண்றது?" என்று அடிக்கடி கேட்பார். தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. சிரித்துக் கொண்டே வாங்கி வந்து விடுவேன். அமெரிக்காவில் எத்தனையோ தாய்மார்கள் இதே கேள்வியைச் சிரிக்காமல் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

1922 ஜனவரியில், டொரான்டோ நகரில் 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் சர்க்கரை வியாதி வந்த குழந்தைக்குப் பட்டினிப் பத்தியம்தான் வைத்தியம். பெற்றவள் நாளை எண்ணிக் கொண்டு உட்கார வேண்டியதுதான். கண்டுபிடித்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை 1923-ல் டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து விட்டார்கள். வாங்கிக் கொண்டது ஆளுக்கு ஒரு டாலர்!

ஆரம்பத்தில் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982-ல் நுண்ணுயிரியைக் கொண்டே மனித இன்சுலின் தயாரித்து விற்பனைக்கு வந்தது. பிறகு வேகமாக வேலை செய்கிற புது ரகங்கள். நல்லதுதான். ஆனால் புது ரகத்துக்குப் புதுக் காப்புரிமை. உலகச் சந்தையின் பெரும் பங்கு மூன்றே கம்பெனிகள் கையில். அமெரிக்காவில் 1996-ல் 21 டாலருக்கு வந்த ஒரு புட்டி, 2017-ல் 275 டாலர். அதே புட்டி, அதே மருந்து!

ஏன் இப்படி ஏறியது? நடுவே தரகுக் கம்பெனிகள் இருக்கின்றன. இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக அவை கம்பெனியிடம் தள்ளுபடி பேசும். நம் ஊர் ஆடித் தள்ளுபடியில் சில கடைகளில் பார்த்திருப்பீர்களே, விலையை ஏற்றி எழுதி, பிறகு குறைத்துக் காட்டுவார்கள். அதே கதைதான். தள்ளுபடி பெரிதாக வேண்டுமென்றால் விலையும் பெரிதாக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழைக்கு மட்டும் அந்தத் தள்ளுபடி கிடைக்கவில்லை, முழு விலை. பெற்றோரின் இன்ஷூரன்ஸில் இருக்கும் பிள்ளைக்கும் 26 வயதானால் அது நின்று விடும். யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைக் கேட்டதில், நாலு பேரில் ஒருவர் செலவுக்குப் பயந்து அளவைக் குறைத்துப் போட்டுக் கொண்டதாகத் தெரிந்தது. இந்த மருந்தில் சிக்கனம் பிடித்தால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

2023-ல் அங்கே முதியோர் திட்டத்தில் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். அந்த வருஷமே மூன்று கம்பெனிகளும் பல ரகங்களின் விலையை 78 சதவிகிதம் வரை குறைப்பதாக அறிவித்தன. மனசு இளகி விட்டதோ என்று நினைக்காதீர்கள்! விலையை அளவுக்கு மீறி ஏற்றியவர்கள், ஏழைகளுக்கான அரசுத் திட்டத்துக்கு அதிகம் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் வர இருந்தது.

நம் நாட்டில் மனித இன்சுலினுக்கு அரசு உச்சவரம்பு விலை வைத்திருப்பதால்தான் நான் சிரிக்க முடிகிறது.

சொல்ல மறந்தேனே! வெளிநாட்டு உறவினர் இன்சுலின் கொண்டு வந்தால் ஜாக்கிரதை. நம் புட்டிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அங்கே 100. சிவப்பு மூடி ஊசி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாற்றிப் போட்டு விடாதீர்கள்.