கழிவு முந்துமா, தகவல் முந்துமா?

மைசூரு நகரம் ஒரு மேட்டின் முதுகில் அமைந்திருக்கிறது. வடபுறம் சரியும் நீர் காவிரிக்குப் போகிறது, தென்புறம் சரிவது கபினிக்கு. இரண்டு ஆறுகளும் திருமகூடலு நரசீபுரத்தில் கூடி, சிவனசமுத்திரம், ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்கு வருகின்றன. மைசூருவில் ஒரு பாதாளச் சாக்கடைக் குழாய் உடைந்தால் அது தமிழ்நாட்டுக்கும் சேதிதான்.

அந்தச் சேதியை யார், யாரிடம் சொல்ல வேண்டும்? 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு இதைப் பற்றியது. விபத்தினாலோ எதிர்பாராத நிகழ்வினாலோ கழிவு வெளியேறி ஓடையோ கிணறோ மாசுபட்டால், மாசுபடும் என்று தெரிந்தாலே போதும், அந்த இடத்தின் பொறுப்பாளர் உடனடியாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். இதன் இரண்டாவது உட்பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சாக்கடை நடத்தும் உள்ளாட்சிக்கும் அதே கடமை உண்டு என்கிறது அது. ஆலைக்கு ஒரு நியாயம், மாநகராட்சிக்கு ஒரு நியாயம் என்று சட்டம் பிரிக்கவில்லை.

மைசூருவின் கழிவுநீரை வித்யாரண்யபுரம், கேசரே, ராயனகெரே ஆகிய மூன்று நிலையங்கள் சுத்திகரிக்கின்றன. மூன்றின் கொள்ளளவும் சேர்ந்து நாளொன்றுக்கு 15 கோடி லிட்டருக்கு மேல். ஆனால் கழிவு அங்கே போய்ச் சேர வேண்டுமே. மண்ணும் பிளாஸ்டிக்கும் குழாயை அடைக்கும், மழைநீர் சாக்கடைக்குள் புகும், மின்சாரம் போனால் பம்பு நிற்கும். அப்போது மேன்ஹோல் பொங்கி, கழிவு ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாயில் இறங்கும். அங்கிருந்து ஏரிக்குத் தூரம் அதிகமில்லை.

உடனடியாக என்று சட்டம் வற்புறுத்துவதற்கு வலுவான அறிவியல் காரணம் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். சுத்திகரிக்காத ஒரு லிட்டர் சாக்கடையைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குச் சாதாரணமாக 200 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. அதாவது ஒரு லிட்டர் சாக்கடை, 25 லிட்டர் நல்ல நீரின் மூச்சை எடுத்துவிடும். ஆனால் இது ஒரே நொடியில் நடப்பதில்லை. நுண்ணுயிரிகள் வேலை செய்யச் செய்ய ஆக்சிஜன் மெல்லக் குறைந்து, அடித்தளத்தைத் தொட்டு, காற்றிலிருந்து மறுபடி ஏறும். இந்தச் சரிவையும் ஏற்றத்தையும் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றில் ஆராய்ந்து, 1925இல் ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்சும் சமன்பாடாக எழுதினார்கள். அதன்படி ஆறு மிகவும் மூச்சுத் திணறும் இடம், குழாய் உடைந்த இடம் இல்லை. அது பல கிலோமீட்டர் கீழே, பல மணி நேரமோ சில நாள்களோ கழித்து வரும். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் ஆறு 24 மணி நேரத்தில் 43 கிலோமீட்டர் போய்விடும். மறுநாள் மாதிரி எடுக்க வரும் அதிகாரிக்கு உடைப்பு நேர்ந்த இடத்தில் தெளிந்த நீர் கிடைக்கலாம்.

நோய்க்கிருமிகளோ ஆக்சிஜன் குறையும்வரைகூடக் காத்திருப்பதில்லை. 2024 மே மாதம் மைசூரு தாலுக்காவின் கே. சாலுண்டி கிராமத்தில் வாந்திபேதி பரவி, ஓர் இளைஞர் இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சுற்றுவட்டார லேஅவுட்டுகளின் கழிவுநீர் குடிநீரில் கலந்ததே காரணம் என்று ஊரார் குமுறினார்கள். இப்படிப்பட்ட ஊரில் முதல் ஆள் படுக்கும் முன்பே குடிநீர்க் குழாயை மூடவும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும் யாருக்காவது தகவல் தெரிந்திருக்க வேண்டும்.

31ஆவது பிரிவின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. வாரியத்துக்கும் விதிகளில் குறிப்பிட்ட அமைப்புகளுக்கும் சொன்னால் கடமை முடிந்தது. கீழே குடிப்பவருக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 1989ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளோ, பெரும் விபத்தைத் தெரிவிக்க ஆலைக்கு 48 மணி நேரம் தருகின்றன. மேலே போட்ட கணக்கில் அது 86 கிலோமீட்டர்!

ஐரோப்பா இதைப் பட்டுத்தான் கற்றது. 1986 நவம்பர் 1 அதிகாலை, சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் கிடங்கில் தீப்பிடித்தது. தீயை அணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் ஆற்றில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் மடிந்தன. கீழுள்ள நாடுகளுக்கு எச்சரிக்கை தாமதமாகவே போனது. அதன்பின் ரைன் எச்சரிக்கை ஏற்பாடு வலுவானது. மேலேயுள்ள மையம் கீழேயுள்ள மையத்துக்குச் சொல்லும், நச்சு எந்த ஊரை எத்தனை மணிக்கு எட்டும் என்பதைக் கணினி கணித்துவிடும். இங்கிலாந்திலோ, மழைக்காலச் சாக்கடை வழிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு சட்டம் ஆணையிடுகிறது.

இந்தியாவில், 31ஆவது பிரிவின்படி தெரிவிக்கத் தவறினால் மூன்று மாதம்வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்றிருந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சிறையை நீக்கி, பத்தாயிரம் முதல் 15 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறது. அதை ஏற்கும் மாநிலங்களில் இது செல்லும். தொகை கூடியது நல்லதே. அதைவிட அவசரமானது ஒரு பட்டியல்: மைசூருவின் மூன்று சுத்திகரிப்பு நிலையங்களிலும் ஒவ்வொரு பம்பிங் நிலையத்திலும், கீழே இருக்கும் ஊராட்சிகளின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்களின் தொலைபேசி எண்கள், நரசீபுரம்வரை, சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பம்பு நின்ற அந்த நிமிடமே பணியில் இருப்பவர் வாரியத்தோடு அவர்களையும் அழைக்க வேண்டும்.