விதியே நிரலாகும்போது

‘வள்ளி பழம் தின்றான்’ என்று எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளையே திருத்திவிடும். கணினி இதைத் திருத்த வேண்டுமானால், எந்தச் சொல்லை முதலில் பார்ப்பது, எதனோடு ஒப்பிடுவது என்று படிப்படியாகக் கட்டளை எழுதுவதுதான் வழக்கம். புரோலாக் என்னும் நிரல்மொழியில் அது வேண்டாம். இலக்கண விதியை எழுதினால் போதும். அந்த விதியே நிரல்.

புரோலாக் 1972இல் பிரான்சின் மார்செய் நகரில், அலன் கோல்மரோர், பிலிப் ருசெல் ஆகியோரின் முயற்சியில் பிறந்தது. பிரெஞ்சில் எழுதினால் கணினி புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். ஆக, மொழிக்காகவே பிறந்த நிரல்மொழி இது. விதியின் அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

தொடர் → எழுவாய்(பால்), செயப்படுபொருள், பயனிலை(பால்)
எழுவாய்(பெண்) → வள்ளி
எழுவாய்(ஆண்) → கண்ணன்
செயப்படுபொருள் → பழம்
பயனிலை(பெண்) → தின்றாள்
பயனிலை(ஆண்) → தின்றான்

முதல் வரியில் உள்ள ‘பால்’ ஒரு வெற்றிடம். ‘வள்ளி பழம் தின்றான்’ என்று கொடுத்தால், எழுவாய் விதி ‘வள்ளி’யை எடுத்துக்கொண்டு, மிச்சச் சொற்களை அடுத்த விதியிடம் தள்ளுகிறது. அதே நொடியில் வெற்றிடத்தில் ‘பெண்’ என்று நிரம்பிவிடுகிறது. பயனிலையிலும் அதே பால்தான். ‘தின்றான்’ அங்கே பொருந்தாது. புரோலாக் வந்த வழியே திரும்பி வேறு விதி உண்டா என்று தேடும். கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். தொடரைக் கொடுக்காமல், ‘சரியான தொடர்கள் எவை?’ என்று கேளுங்கள். இதே ஆறு வரிகளே ‘வள்ளி பழம் தின்றாள்’, ‘கண்ணன் பழம் தின்றான்’ என்ற இரண்டையும் உருவாக்கித் தரும். பிழை பார்க்கவும் தொடர் ஆக்கவும் ஒரே இலக்கணம்.

ஒரு பள்ளமும் உண்டு. தமிழில் ‘கண்ணனுடைய அண்ணனுடைய வீடு’ என இடப்பக்கமாகவே அடுக்கிக்கொண்டு போகலாம். ‘பெயர்த்தொடர் என்பது, பெயர்த்தொடரோடு உடைய சேர்ந்து, பின் ஒரு பெயர்’ என்று அதை இயல்பாக எழுதினால் புரோலாக் சிக்கிக்கொள்ளும். பெயர்த்தொடரை அறிய மறுபடி பெயர்த்தொடரையே தேடும்; ஒரு சொல்லைக்கூட எடுக்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். விதியை மாற்றி எழுதலாம். அல்லது ஒருமுறை கண்ட விடையைக் குறித்துவைக்கும் ‘டேபிளிங்’ வசதியைப் பயன்படுத்தலாம்.

எஸ்டபிள்யூஐ புரோலாக் என்ற மென்பொருள் இலவசம். அதில் டேபிளிங் உண்டு. தமிழ்ச் சொற்களை ஒற்றை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். இந்த ஆறு வரிகளில் தொடங்குங்கள். ஏழாவதாக ‘அவர்கள்’, எட்டாவதாக ‘தின்றார்கள்’ சேர்த்துப் பாருங்கள்.