அடித்துக் களைத்த கைகளுக்கு ஒரு பயிற்சி

மாலை ஐந்து மணி. இரத்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மார் லயத்துக்குத் திரும்பும் நேரம். இனித்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், ரொட்டி தட்ட வேண்டும். கடைசிக் காம்பராவில் அன்றாடம் அலறல் எழுவதும் அப்பொழுதுதான். எட்டு வயதுப் பையன் புத்தகத்தை எறிவான், தங்கையைத் தள்ளுவான், தடுத்தால் கதவை உதைப்பான். தாய் கத்துவார்; பின்னர் தடியை எடுப்பார்.

“அடிச்சு அடிச்சு எங் கைதான் ஓஞ்சு போச்சு சாமி” என்று அவர் எம்மிடம் சொன்னபோது அவர் முகத்தில் கோபத்தைவிட வெட்கமே அதிகம் தெரிந்தது. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்தவள்’ என்றது அயல். ‘குழப்படிகாரன்’ என்றது பாடசாலை. கண்ணூறு கழித்தும் நூல் கட்டியும் பார்த்தாயிற்று. இறுதியில் வைத்தியர் ஒருவரே அதற்குப் பெயர் சொன்னார்: அவதானக் குறைபாடும் மிகைச் செயற்பாடும். ஆங்கில எழுத்துகளால் ஏ.டி.எச்.டி. என்பர்.

வளர்ப்பின் குற்றமா?

இது இன்று முளைத்த நோயன்று. அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைத்தாமே கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் 1902இல் லண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கணக்கின்படி, நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு இக்குறைபாடு உண்டு. அப்படியானால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர்.

இதில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. தாயின் வளர்ப்பு இதனை உண்டாக்குவதில்லை. ஆனால் துடியான பிள்ளைகள் எல்லாருக்கும் இக்குறைபாடு இருப்பதாகவும் கொள்ளலாகாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தொடங்கி, ஆறு மாதமேனும் நீடித்து, வீடு, பாடசாலை எனப் பல இடங்களிலும் காணப்பட்டால்தான் வைத்தியர் இதனை உறுதி செய்வார். சத்தமின்றிக் கனவுலகில் அமர்ந்திருக்கும் சிறுமிக்கும் இது இருக்கலாம்; அவளை எவரும் கவனிப்பதில்லை.

இப்பிள்ளைகள் பலரிடம் அவதானத்தோடு உணர்ச்சியும் கட்டுக்குள் நிற்பதில்லை. கோபம் சட்டென்று மூளும், தணிய நேரமெடுக்கும்.

இருவரும் சிக்கும் வலை

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பற்றர்சன் என்ற உளவியலாளர், வீடுகளுக்கே சென்று பெற்றோரையும் பிள்ளைகளையும் அவதானித்தார். அவர் கண்டதை 1982இல் நூலாக வெளியிட்டார். எமது லயத்திலும் அதுதான் நடக்கிறது. “புத்தகத்த எடு” என்கிறார் தாய். பிள்ளை அலறுகிறான். களைத்த தாய் விட்டுவிடுகிறார். ‘அலறினால் தப்பலாம்’ என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். மறுநாள் தாய் அடிக்கிறார். பிள்ளை அக்கணம் அடங்குகிறான். ‘அடித்தால்தான் அடங்குவான்’ என்று தாய் கற்றுக்கொள்கிறார். நாளுக்கு நாள் அலறலும் கூடுகிறது, அடியும் கூடுகிறது.

இவ்வலையை யார் முதலில் அறுப்பது? எட்டு வயதுப் பிள்ளையால் முடியாது. ஆகவேதான் பெற்றோருக்குப் பயிற்சி. வைத்தியர் மருந்து கொடுக்கும் முறையை விளக்கினால் அதனை நாம் அவமானமாகக் கொள்வதில்லை. இதுவும் அத்தகையதே.

கற்பது என்ன?

வழக்கமாக வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் நடக்கும் இப்பயிற்சி, தண்டனையில் தொடங்குவதில்லை. தினமும் பத்து நிமிடம் பிள்ளை விரும்பும் விளையாட்டில் கூட இருப்பதே முதற்பாடம். அவ்வேளையில் கட்டளையும் இல்லை, குறை சொல்லலும் இல்லை.

அடுத்தது பாராட்டு. “நல்ல பிள்ளை” என்றால் போதாது. “தங்கச்சிக்கு விட்டுக் குடுத்தியே, அது நல்லது” என்று செயலைச் சொல்ல வேண்டும். கட்டளை, அருகே சென்று, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றே. சிறு சிணுங்கலைக் காணாதது போல் விட வேண்டும். பிறரை அடித்தால் என்ன நடக்கும் என்பதை முன்னரே சொல்லி, ஒவ்வொரு முறையும் அதையே அமைதியாகச் செய்ய வேண்டும்.

கோபம் உச்சியில் நிற்கையில் புத்திமதி ஏறாது. பெரியவர் முதலில் தமது மூச்சை ஆற்றி, குரலைத் தாழ்த்த வேண்டும். பிள்ளை தணிந்த பின்னரே, “உனக்குக் கோபம் வந்துச்சு, என்னா?” என்று அவ்வுணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வேண்டும். தன்னைத் தணிக்கத் தெரியாத பிள்ளை முதலில் நமது அமைதியையே கடனாகப் பெறுகிறான்.

மருந்து வேண்டாமா?

அப்படியும் சொல்வதற்கில்லை. 579 பிள்ளைகளை 14 மாதங்கள் அவதானித்து 1999இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்தே அவதானக் குறைவுக்கும் துடிப்புக்கும் நடத்தைப் பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தந்தது. மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாயிற்று. பெற்றோர்-பிள்ளை உறவும் சீர்ப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கோ பயிற்சியே முதல் வழி என்கின்றன இன்றைய வைத்திய வழிகாட்டல்கள்.

லயத்தில் இயலுமா?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிள்ளையை ஆறவிடத் தனியறை ஏது? இஸ்தோப்பின் ஒரு மூலை போதும். பரிசு வாங்கப் பணமில்லையா? சுவரில் ஒரு கரிக்கோடு போதும். ஐந்து கோடு சேர்ந்தால் அப்பாவோடு ஆற்றுக்குக் குளிக்கப் போகலாம். ஆனால் தாய் ஒரு விதமும், தகப்பன் ஒரு விதமும், அப்பாயி வேறு விதமுமாக நடந்தால் எதுவும் பலிக்காது. விடியப் பெரட்டுக்குப் போய் மாலையில் திரும்பும் தாயின் தலையிலேயே இதையும் சுமத்துவது அநீதி. தகப்பன்மார் இப்பயிற்சிக்கு வரவேண்டும். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வோரும் ஆசிரியர்களும் இதனை அறிய வேண்டும். பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. வீட்டிலே தடி இன்னும் ஓயவில்லை.

சந்தேகமிருந்தால் குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்; அரசாங்க வைத்தியசாலையில் சிறுவர் உளநல வைத்தியரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

அண்மையில் அந்த லயத்துக்கு மீண்டும் போயிருந்தோம். பையன் இன்னும் துடியானவன்தான். அன்றும் புத்தகம் பறந்தது. தாய் தடியைத் தேடவில்லை. இஸ்தோப்பில் அவன் பக்கத்தில் பேசாமல் அமர்ந்தார். சற்று நேரத்தில் கதவை உதைத்த கால்கள் ஓய்ந்தன. அவன் அழுதான், பிறகு தானே எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தான். தாய் எழுந்து சுவரில் ஒரு கரிக்கோடு இட்டார்.

நமது அயலிலும் இப்படியொரு காம்பரா இருக்கலாம். அந்தத் தாயைக் குறை சொல்லப் போகிறோமா, அவர் பக்கத்தில் அமரப் போகிறோமா?